ரீட்டா ரீச்சரின் வளவில் விளைந்தது

போன கிழமை என் தையல் மெஷினைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒருவர், "ஜன்னலோரம் இருந்து தைத்தேன் என்கிறீர்கள், அந்த ஜன்னலால் என்ன தெரிந்தது என்று சொல்லவே இல்லையே" என்று கேட்டிருக்கிறார். என்னைப் போல ஊர்க்கதை தேடுகிற ஒரு விடுப்புக்காரர்தான் போல. சொல்கிறேன்.

ஜன்னலால் தெரிந்தது ஒரு வளவு, ஆளில்லாத வெறுங்காணி. எங்கள் ஊர் முடிந்து பாண்டிருப்பு தொடங்குகிற இடத்தில், இரண்டு சின்ன ஒழுங்கைத் தெருக்களுக்கு நடுவில் அது கிடந்தது. இந்தப் பக்கம் முஸ்லிம் வீடுகள், அந்தப் பக்கம் தமிழ் வீடுகள். இரண்டு பக்கத்து மதில்களும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. நாய் போகும், மாடு போகும், இரண்டு பக்கத்துக் குப்பைப் பைகளும் மதிலுக்கு மேலால் பறந்து போகும். ஆள் இறங்கி நான் கண்டதில்லை.

ஒரு நாள் காலை தேத்தண்ணிக் கோப்பையோடு ஜன்னலடிக்கு வந்தேன். வளவுக்குள் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

ஒரு பொம்பளை. நைற்றிக்கு மேல் புருசனின் முழுக்கைச் சேர்ட்டைப் போட்டு, தலையைத் துவாயால் கட்டியிருந்தார். எருக்கலையையும் நாயுருவியையும் வெட்டி ஒரு பக்கம் குவித்துவிட்டு, கொத்திக்கொண்டிருந்தார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முக்காட்டைப் போட்டுக்கொண்டு பின்கதவால் இறங்கி, மதில் உடைந்திருந்த இடத்தால் உள்ளே போனேன்.

"என்ன செய்றீங்க?"

நிமிர்ந்து பார்த்தார். "கொத்துறன்."

"அது தெரியிது. என்னத்துக்கு?"

"வெண்டி போட." மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "இது உங்கட வளவா?"

"இல்ல. ஒங்கடயா?"

"இல்ல."

 அவர் மறுபடி குனிந்து கொத்தத் தொடங்கினார்.

அவர்தான் பரமேஸ்வரி. பதினைந்து வருஷத்துக்கும் மேலாக எனக்கு நேர் பின்னால் குடியிருந்தவர். அவர் வீட்டில் என்றைக்குத் தேங்காய்ப்பால் பிழிகிறார்கள், என்றைக்கு மீன் பொரிக்கிறார்கள் என்று வாசத்திலேயே சொல்வேன். முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

சாமான் இல்லாத வருஷம்

அது எந்த வருஷம் என்று சொல்லத் தேவையில்லை. நாட்டில் டொலர் முடிந்து, கேஸ் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து ரோட்டோரம் வரிசை வைத்த வருஷம். மண்ணெண்ணெய் இல்லை, பால்மா இல்லை, பகலில் பாதி நேரம் கரண்ட் இல்லை. மலைநாட்டு லொறிகள் வராததால் கல்முனைச் சந்தையில் கரட்டும் கோவாவும் இருந்த இடத்தில் வெறும் சாக்கு விரித்திருந்தது.

எனக்கு வெள்ளை நூல் முடிந்துபோனது. பள்ளிக்கூட உடுப்புத் தைக்கிறவளுக்கு வெள்ளை நூல் இல்லையென்றால் கை இல்லாத மாதிரி. மெஷினை மூடிவைத்துவிட்டு ஜன்னலை மட்டும் திறந்து வைத்திருந்தேன்.

பரமேஸ்வரியின் புருசன் தங்கராசா கடல் தொழில். எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் கிடைக்காமல் தோணி மணலில் ஏறிக் கிடந்தது. மனிதர் வீட்டில் சாய்மனைக் கதிரையில் படுத்து முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். "அந்த ஆளப் பாத்துக்கொண்டு வீட்டுக்குள்ள இருக்க ஏலாமத்தான் மண்வெட்டியத் தூக்கின நான்" என்று பரமேஸ்வரி பிறகு சொன்னார்.

இரண்டாம் நாளும் போய்ப் பார்த்தேன். மூன்றாம் நாள் எனக்கும் கை துறுதுறுத்தது. வீட்டில் கிடந்த கத்தரி விதையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு புறப்பட்டபோது என் கணவர் கண்டுவிட்டார். கல்முனை பஸாரில் பாத்திரக் கடையில் வேலை செய்தவர் அவர். நாலு பேர் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எதற்கும் பயப்படப் பழகியிருந்தார்.

"அடுத்தவன்ட காணி. நாளைக்கு ஒரு பிரச்சின எண்டா ஊரே ரெண்டாகும், தெரியுமா?"

"கத்தரிக்கண்டுக்கு ஊர் ரெண்டாகுமா?"

"இந்த ஊர் எதுக்கெல்லாம் ரெண்டாகியிருக்கி எண்டு ஒனக்குத் தெரியாதா?"

தெரியும்.  விதையோடு போய்விட்டேன்.

அறைகள்

பற்றையை வெட்ட வெட்ட அடியிலிருந்து சீமெந்துக் கோடுகள் வெளியே வந்தன. ஒரு வீட்டின் அத்திவாரம். சுவரும் கூரையும் போய், தரையும் பல இடங்களில் பெயர்ந்து, சதுரம் சதுரமாக மண் தெரிந்தது. நாங்கள் பாத்தி பிரிக்க வேலையே இருக்கவில்லை. கட்டியவன் பிரித்து வைத்திருந்தான். பரமேஸ்வரி பெரிய சதுரத்தை எடுத்திருந்தார். நான் மூலையில் ஒரு சின்னச் சதுரத்தையும் அதற்குப் பின்னால் இருந்த துண்டையும் எடுத்துக்கொண்டேன்.

நான் இந்த ஒழுங்கைக்கு வந்தது சுனாமியில் கடல் வந்ததற்குப் பிறகு. எங்கள் பழைய வீடு கடற்கரை ரோட்டில் இருந்தது. அது இருந்த இடத்தில் இப்போது மணல். ஆகவே இந்த வீட்டை நான் கூரையோடு கண்டதில்லை. பரமேஸ்வரி கண்டவர். குனிந்த தலை நிமிராமல், கொத்திக்கொண்டேதான் அவர் அதைச் சொன்னார்.

"பள்ளிக்கூடத்து ரீட்டா ரீச்சர்ர வீடு. வேதக்கார ஆக்கள். நத்தார்ப் பெருநாள் முடிஞ்ச அடுத்த நாள்தானே கடல் வந்தது. ரீச்சர் மட்டக்களப்புக்கு அக்காவப் பாக்கப் போயிருந்தவ. புருசனும் மகளும் வீட்டில."

"மையித்து கெடச்சதா?"

"ரெண்டு பேர்ர உடம்பும் கிடைக்கல்ல."

ரீச்சர் அதற்குப் பிறகு ஒரு தரம் வந்தாராம். ரோட்டில் நின்றபடியே பார்த்துவிட்டு, காலை உள்ளே வைக்காமல் மட்டக்களப்புக்குத் திரும்பிவிட்டாராம்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு புழு மண்டைக்குள் நுழைந்துகொண்டது. என் பாத்தி அந்த வீட்டில் எந்த அறை? பரமேஸ்வரியைக் கேட்டேன். "நான் விறாந்தையத் தாண்டி உள்ள போனதில்ல" என்று சொல்லிவிட்டார். நானாக யோசித்துப் பார்த்தேன். சின்ன அறை, மூலையில் இருக்கிறது, சீமெந்து நல்ல தடிப்பு. மாதா சுருவம் வைத்துக் கும்பிட்ட அறையாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினேன். அவர்கள் மார்க்கம் அவர்களுக்கு. இருந்தாலும் தொழுத இடத்துக்கு ஒரு மரியாதை வேண்டும் அல்லவா? செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் என் கத்தரிப் பாத்திக்குள் போவேன். பரமேஸ்வரி ஒரு மாதிரியாகப் பார்ப்பார். ஒன்றும் கேட்கமாட்டார்.

இரண்டு ஆம்பிளைகள்

வளவுக்குள் நாங்கள் இறங்கிய கதை இரண்டு பக்கமும் ஓடியது. பாண்டிருப்புப் பக்கத்தில், "இண்டைக்குக் கத்தரிக்கண்டு, நாளைக்கு மதில்" என்று சொன்னார்களாம். எங்கள் பக்கத் தேத்தண்ணிக் கடையில், "வேப்பமரத்தடியில சூலம் நடத்தான் இந்த வேல" என்று பேச்சு. வளவில் வேப்பமரம் ஒன்று நின்றது உண்மை. அதன் அடியில் நாங்கள் நட்டது ஒரு மரவள்ளித் தடி.

எங்கள் ஒழுங்கையில் பெரியவர் இஸ்மாயில் காக்கா. சவளக்கடைப் பக்கம் வயல் செய்கிறவர். அந்தப் போகம் உரம் கிடைக்காமல் வேளாண்மைப் பயிர் மஞ்சளித்துப் போய், வயலுக்குப் போகவே மனமில்லாமல் இருந்தார். எங்களைத் தடுத்து நிறுத்துவதென்று ஒரு நாள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

வந்தவர் பரமேஸ்வரி கொத்தியிருந்த குழியைப் பார்த்தார். நெஞ்சுக்குள் இருந்த கமக்காரனுக்குப் பொறுக்கவில்லை.

"இது என்ன புள்ள, பாத்தியா, கபுறா? இவ்வளவு ஆழத்தில போட்டா வெண்டி எப்பிடி முளைக்கும்?"

சொன்ன பிறகுதான் எந்த இடத்தில் நின்று புதைகுழிக்கான அந்தச் சொல்லைச் சொன்னார் என்று அவருக்கு உறைத்தது. முகம் கறுத்துவிட்டது. "அஸ்தஃபிருல்லாஹ்" என்று அல்லாஹ்விடம் மெதுவாக மன்னிப்புக் கேட்டுவிட்டு வேப்பமரத்தடியில் போய்க் குந்திக்கொண்டார்.  கொஞ்ச நேரத்தில் எழும்பி வந்து, பரமேஸ்வரியின் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி, குழியை அரைவாசி மூடினார். தடுக்க வந்தவர் அடுத்த நாள் சைக்கிளில் ஒரு சாக்கு மாட்டெரு கொண்டு வந்தார். அதற்கடுத்த நாள் நடுவிலிருந்த ஒரு சதுரத்தைத் தனக்கென்று எடுத்து, தடி நட்டுப் பயிற்றங்கொடி ஏற்றினார்.

தங்கராசா வந்தது மனைவியைக் கூட்டிக்கொண்டு போக. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அங்கே இஸ்மாயில் காக்கா நிற்கிறார். இரண்டு பேருக்கும் மதிலடித் தண்ணீர்க் காண் விசயத்தில் பழைய சண்டை. யாருடைய வீட்டுத் தண்ணீர் யாருடைய பக்கம் போகிறது என்பதில் முறைத்துக்கொண்டு, பல வருஷமாக முகம் பார்ப்பதில்லை.

"வெயில் ஏறிற்று, வீட்ட வா" என்று மனைவியிடம் சொன்னார் தங்கராசா.

"தண்ணி ஊத்திற்று வாறன். வீட்டிலயிருந்து வாளி வாளியாச் சுமக்கிறன், கண்டுகொண்டுதானே படுத்திருக்கீங்க?" என்றார் பரமேஸ்வரி.

"அப்ப அந்தக் கிணத்த இறைங்களன்" என்றார் அவர், யாரையும் பார்க்காமல்.

கிணறு

அங்கே கிணறு ஒன்று இருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தகரம் போட்டு, மேலே கல் வைத்து மூடிக் கிடந்தது. கிணற்றைப் பற்றி நாங்கள் ஒருவரும் வாயே திறக்கவில்லை. ஏனென்று சொல்லத் தேவையில்லை. கடல் வந்த பிறகு எல்லாக் கிணறுகளையும் இறைத்துச் சுத்தப்படுத்தியபோது இதையும் இறைத்தார்கள் என்று சொல்லுவார்கள். கண்ணால் கண்டவர் எங்களுக்குள் யாரும் இல்லை.

"இறைக்கிற எண்டா ஒராள் இறங்க வேணுமே" என்றார் இஸ்மாயில் காக்கா. முதல்முறையாகத் தங்கராசாவைப் பார்த்துச் சொன்னார்.

தங்கராசா மதிலால் ஏறிக் குதித்தார்.

இரண்டு பேருமாகத் தகரத்தை இழுத்தார்கள். கயிற்றின் ஒரு நுனியை வேப்பமரத்தில் கட்டி, மறு நுனியைத் தங்கராசா இடுப்பில் கட்டிக்கொண்டார். இஸ்மாயில் காக்கா கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காலை ஊன்றி நின்றார். பரமேஸ்வரி வாளியை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வாயில் வந்த ஓதல்களை எல்லாம் ஓதினேன். நடுவில் மறந்து மறந்து திரும்பவும் தொடக்கத்திலிருந்து ஓதினேன்.

உள்ளிருந்து தண்ணீர் கலங்குகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"என்ன?" என்றார் இஸ்மாயில் காக்கா.

கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"தங்கராசா! என்னடா?"

"மண்தான் காக்கா!" என்று குரல் எதிரொலித்து வந்தது. "மண், ஓடு. ஒரு பைப்புத் துண்டு. வேற ஒண்டும் இல்ல. ஒண்டுமே இல்ல!"

பரமேஸ்வரி வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் இருந்துவிட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். அவர் என் கையைப் பிடித்தாரா, நான் அவர் கையைப் பிடித்தேனா, தெரியாது. கை மட்டும் நல்லாகக் குளிர்ந்திருந்தது.

அன்று முழுக்க மண்ணும் ஓடும் அள்ளினோம். என் கணவர் கூடக் கடையால் வந்து ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, சாரம் மாற்றிக்கொண்டு இறங்கி வந்து வாளி வாங்கினார். ஒழுங்கைக்காரர் வேறு சிலரும் வந்தார்கள், இரண்டு பக்கத்தாலும். தண்ணீர் ஊறி வந்தபோது தங்கராசா கையால் அள்ளி வாயில் விட்டுப் பார்த்தார்.

"உப்பு இருக்கு. ஆனாப் பயிருக்குக் காணும், அது போதும்."

ஆணம்

அந்த வளவில் காய்த்த முதல் வெண்டியை நான்தான் சமைத்தேன். மாசிக் கருவாடு போட்டு வைத்து, ஒரு கோப்பை மதிலுக்கு மேலால் கொடுத்தேன்.

"ஆணம் வெச்சன், சாப்பிட்டுப் பாருங்க."

நாங்கள் ஆணம் என்பதை அவர்கள் குழம்பு என்பார்கள், கறி என்பார்கள். பரமேஸ்வரிக்கு அந்தச் சொல் தெரியும். சந்தையில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறார். "சொல்லக் கேட்டிருக்கன். தின்டதில்ல" என்று வாங்கிக்கொண்டு போனார். அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை விரதத்தில் அவர் மாசி தொடமாட்டார் என்று எனக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை. சனிக்கிழமை சூடாக்கிச் சாப்பிட்டுவிட்டு, நல்லாயிருந்தது என்று சொல்லிக் கோப்பையைத் திருப்பித் தந்தார். அதற்குள் அவருடைய பயிற்றங்காய்ப் பால்கறி.

இது எனக்குத் தெரிய வந்ததே ஒரு மாதம் கழித்துத்தான். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் மாசி இல்லாமல் வைக்கப் பழகினேன். என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. பழகிவிட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் ஏதோ ஒரு பெரிய காரியத்துக்காக ஒன்றுசேர்ந்தோம் என்று நினைக்காதீர்கள். முழு நாளும் சண்டைதான். யார் முதலில் தண்ணீர் அள்ளுவது, யாருடைய பூசணி யாருடைய பாத்திக்குள் போனது என்று வாய் ஓயாது. ஆனால் சண்டை பிடிக்கிறவர்களின் பேர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முன்பு அது இல்லை.

ஓட்டோவில் வந்தவர்

கத்தரி காய்த்துத் தள்ளிக்கொண்டிருந்த நேரம். பத்து மணியிருக்கும். ரோட்டுப் பக்கமாக ஒரு ஓட்டோ வந்து நின்றது. பருத்திச் சேலை, நரைத்த கொண்டை, கையில் ஒரு கைப்பை. இறங்கி வேலியோரம் நின்றார். பரமேஸ்வரி நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ரீச்சர்!"

 இது எங்கள் காணி இல்லை என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு முழுதாக நினைவுக்கு வந்தது.

பரமேஸ்வரி சேர்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டப் போனார். "கேக்காம இறங்கினது பிழதான் ரீச்சர். சும்மா கிடக்குதே எண்டு..."

"கேக்காட்டியும் எனக்குத் தெரியும்" என்றார் ரீச்சர். வகுப்பில் பேசுகிற மாதிரி நிதானமான குரல். "எனக்கு போன்ல ரெண்டு பேர் கோல் எடுத்தாங்க. ஒராள் சொன்னார், முஸ்லிம் ஆக்கள் காணிக்குள்ள இறங்கிற்றாங்க, மதில் கட்டப் போறாங்க எண்டு. மற்ற ஆள் சொன்னார், தமிழாக்கள் சூலம் நடப் போறாங்க எண்டு. பேர் ரெண்டு பேரும் சொல்லல்ல."

கிணற்றடியில் தங்கராசாவும் இஸ்மாயில் காக்காவும் வாளிக் கயிற்றைப் பற்றிப் பெரிய குரலில் தர்க்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ரீச்சரைக் கண்டதும் இரண்டு பேரும் ஓடி வந்தார்கள்.

"வாங்க ரீச்சர், வெயிலுக்க நிக்காதீங்க" என்றார் இஸ்மாயில் காக்கா.

"ரீச்சர், சுகமா இருக்கீங்களா?" என்றார் தங்கராசா.

ரீச்சர் ஒருவர் மாறி ஒருவரைப் பார்த்தார். "ஓம்" என்றார். "இந்தக் குரல்கள்தான்."

 இஸ்மாயில் காக்கா மெல்லத் திரும்பினார்.

"நீயுமாடா?"

"நீங்களும்தானே காக்கா."

"நான் எடுத்தது மொதல்ல. கிணறு இறைக்க முந்தி."

"நானும் அதுக்கு முந்தித்தான்."

பரமேஸ்வரி புருசனைப் பார்த்த பார்வையில் அந்த மனிதர் கிணற்றுக்குள் இறங்கி ஒளிந்திருந்தால் நான் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டேன். ரீச்சரின் வாயோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. பிறகு அது போய்விட்டது.

"விக்கிற எண்ணத்தோடதான் வந்தன்" என்றார். "கடை கட்ட ஒராள் கேட்டுக்கொண்டிருக்கார். ஒருக்காப் பாத்திற்று முடிவு சொல்லுவம் எண்டு..."

உள்ளே வரலாமா என்று எங்களைப் பார்த்தார். தன் வளவுக்குள் வர எங்களிடம் அனுமதி கேட்கிறார். இஸ்மாயில் காக்கா வழியிலிருந்த முள்ளை ஓடிப்போய் இழுத்துப் போட்டார்.

அறை அறையாக

ரீச்சர் செருப்போடு ஒரு கோட்டில் ஏறி நின்றார். "இது விறாந்தை." அடுத்த அடி. "இது ஹோல். பரமேஸ்வரி, நீ ஹோலுக்கத்தான் வெண்டி போட்டிருக்கா." மரவள்ளி நின்ற இடத்தைக் காட்டி, "அது குசினி. சமைச்சுக்கொண்டு நிக்கக்க ஜன்னலால வேப்பமரம் தெரியும்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அந்த நேரத்தில் கேட்கக்கூடாதுதான். ஆனால் பிறவிக் குணம். "ரீச்சர், அந்த மூலையில இரிக்கிற சின்ன ரூம்?"

ரீச்சர் பார்த்தார். என் கத்தரிச் செடிகள் இடுப்பு உயரத்துக்கு, இலை தெரியாமல் காய்த்து நின்றன. வாசலில் என் செருப்பு.

"அது கக்கூசு" என்றார். "பின்னுக்கு இருக்கிறது குழி."

பரமேஸ்வரி முதலில் என் செருப்பைப் பார்த்தார். பிறகு கத்தரிக்காயைப் பார்த்தார். இத்தனை நாளும் தான் சமைத்துத் தின்ற கத்தரிக்காய். "ஐயோ அம்மாளே" என்று வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார். நான் ஏன் செருப்பைக் கழற்றினேன் என்று திக்கித் திக்கிச் சொன்னேன். அதைக் கேட்டு ரீச்சரும் சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

சிரித்துக்கொண்டே அடுத்த கோட்டைத் தாண்டினார். நின்றார்.

இஸ்மாயில் காக்காவின் பயிற்றம் பந்தல். கொடி நிறையக் காய் தொங்கியது. ரீச்சர் ஒரு தடியைப் பிடித்துக்கொண்டார். எந்த அறை என்று அவர் சொல்லவில்லை. நாங்கள் யாரும் கேட்கவில்லை, நான் கூட.

இஸ்மாயில் காக்காவுக்கு விளங்கிவிட்டது. குனிந்து, ஒரு தடியைக் கொடியோடு பிடுங்கினார். அடுத்த தடியில் கையை வைத்தார்.

"என்ன செய்றீங்க?" என்றார் ரீச்சர்.

"தெரியாம நட்டிட்டன் ரீச்சர். எடுத்திடுறன். இப்பவே எடுத்திடுறன்."

"விடுங்க காக்கா."

அவர் கேட்கவில்லை. மூன்றாவது தடிக்குப் போனார்.  ரீச்சர் போய் அவருடைய கைக்கு முன்னால் தடியைப் பிடித்துக்கொண்டார்.

"பிடுங்காதீங்க எண்டு சொல்றன். பச்சையா இருக்கு. இருக்கட்டும்."

பிடுங்கிப் போட்ட தடியை ரீச்சரே எடுத்துக் குழிக்குள் திரும்ப வைத்தார். பிடுங்கியவர் மண்ணை அணைத்தார். வேலை முடிந்து இரண்டு பேரும் நிமிர்ந்தபோது இஸ்மாயில் காக்கா கேட்டார்:

"புள்ளட பேரு என்ன ரீச்சர்?"

"ஷாமினி."

பேரைச் சொன்ன பிறகு அவர் வாய் மூடவில்லை. வேப்பமரத்தடியில் இருந்து, பகல் முழுக்கச் சொன்னார். ஷாமினி ஏழாம் ஆண்டு முடித்திருந்தாள். கணக்கு வராது. அறைச் சுவர் முழுக்கப் பூனை படம் கீறி வைத்து அப்பாவிடம் ஏச்சு வாங்கினாள். மட்டக்களப்புக்கு வா என்று கூப்பிட்டதற்கு, நத்தாருக்கு வாங்கிய சைக்கிளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றாள். "நான் இழுத்துக்கொண்டு போயிருக்க வேணும்" என்றார் ரீச்சர்.  பரமேஸ்வரி கிணற்றுத் தண்ணீர் ஒரு கோப்பை கொண்டு வந்து கொடுத்தார். ரீச்சர் ஒரு மிடறு குடித்தார்.

"உப்பு இன்னும் இருக்கு."

"குறைஞ்சிருக்கு ரீச்சர்."

பேர்

கடைக்காரருக்கு இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டதாகப் பிறகு எங்களுக்குக் கோல் வந்தது. இப்போதைக்கு என்ற சொல்லைப் பற்றி நாங்கள் நிறையக் கதைத்தோம். இன்று வரையும் அந்த இப்போதைக்கு முடியவில்லை. நாளைக்கு முடிந்தாலும் அது அவருடைய காணி.

சாமான்கள் திரும்ப வந்தன. மண்ணெண்ணெய் வந்து தங்கராசா கடலுக்குப் போனார், இஸ்மாயில் காக்காவுக்கு உரம் கிடைத்தது, எனக்கு வெள்ளை நூல் கிடைத்தது. சந்தையில் கரட்டும் கோவாவும் குவிந்தன. அத்தோடு வளவு திரும்பவும் பற்றையாகும் என்றுதான் நான் நினைத்தேன். எப்படியோ ஆகவில்லை. பின்னேரங்களில் யாராவது ஒருவர் இறங்கி நிற்பார். அவரோடு கதைக்க இன்னொருவர் இறங்குவார். என் கத்தரிக்காயை மட்டும் சில காலம் ஒருவரும் வாங்கவில்லை. பிறகு விலை ஏறியது. வாங்கினார்கள்.

பாத்திகளைச் சொல்ல எங்களுக்குப் பேர் வேண்டியிருந்தது. ரீச்சர் காட்டித் தந்தபடியே சொல்லப் பழகினோம். ஹோலுக்குப் புல்லுப் பிடுங்க வேணும், குசினியில மாடு ஏறிற்று, என்று. பயிற்றம் பாத்தியை மட்டும் யாரும் அறை என்று சொல்லவில்லை. முதலில் அந்தப் பேரைச் சொன்னது இஸ்மாயில் காக்காதான் என்று நினைக்கிறேன். நாங்களும் பிடித்துக்கொண்டோம்.

ரீச்சர் வந்து போன பிறகு ஒரு வெக்கைக் காலம். பின்னேரம் நாங்கள் எல்லோரும் வளவில் நின்றோம். மழை பெய்து நாளாகி, கொடிகள் வாடி நின்றன. பரமேஸ்வரி கிணற்றடியிலிருந்து கத்தினார்:

"ஷாமினிக்குத் தண்ணி ஊத்தினயா பரீதா?"

"ஊத்தினன்!" என்று நானும் கத்தினேன்.

"காணாது! ஷாமினிக்கு இன்னும் ரெண்டு வாளி ஊத்து!"

ஏதோ தோன்றித் திரும்பினேன். ரோட்டுப் பக்கம், ஓட்டோ போய்விட்டிருந்தது. ரீட்டா ரீச்சர் கைப்பையோடு வேலியடியில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியாது. பரமேஸ்வரியும் கண்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, வாளியோடு அப்படியே நின்றார்.

ரீச்சர் உள்ளே வந்தார். கைப்பையைப் பயிற்றந் தடி ஒன்றில் மாட்டினார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, நேரே கிணற்றடிக்குப் போனார்.

"கொண்டா" என்று கையை நீட்டினார். "நான் ஊத்துறன்."